கால்டுவெல் எழுதிய இரு நூல்கள்

சென்ற ஆண்டு முதுகலைத் தமிழ் வகுப்பில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நடத்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் வழக்கம்போல் கால்டுவெல்லின் வரலாற்றைச் சொன்னேன். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்ததையும், 2010ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தலை வெளியிட்டதையும் கூறி முடித்தேன். மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்தார். திசையன்விளைப் பக்கத்தவர், கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடிக்கு அவருடைய ஊர் கூப்பிடு தொலைவு.

"ஐயா, அவர் எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாராமே. அதைக் கேள்விப்பட்டுக் கோவிலையே விட்டு விலகிப் போனவர்கள் உண்டு என்று எங்கள் தாத்தா சொல்லுவார். அந்தப் புத்தகத்துக்கும் சேர்த்துத்தான் சிலை வைத்தார்களா?"

"அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்றேன். ஆசிரியர்கள் விடை தெரியாதபோது சொல்லும் சொல் அது. பல ஆண்டுகளாக ஒப்பிலக்கணம் கற்பித்து வந்த நான், அந்த மாணவி குறிப்பிட்ட நூலைக் கண்ணாலும் கண்டதில்லை. அதன் பெயரைக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். அதன் பிறகே தேடிப் படித்தேன். அன்று வகுப்பில் சொல்லாத விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

வந்த வழி

இராபர்ட்டு கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே திங்கள் 7ஆம் நாள் அயர்லாந்தில் ஆண்ட்ரிம் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர்; செல்வர் அல்லர். பத்து வயதில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. இளமையில் அவர் கற்க விரும்பியது மொழியன்று, ஓவியம். அதற்காக டப்ளினில் சில ஆண்டுகள் பயின்றார். பின்னர் மனம் சமயத் தொண்டின்பால் திரும்பவே, இலண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து, அச்சங்கத்தின் சார்பில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்குக் கிரேக்கப் பேராசிரியராக இருந்த சர் டானியல் சாண்ட்போர்டு மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டிப் பாடம் சொன்னவர். கால்டுவெல்லின் உள்ளத்தில் விழுந்த வித்து அதுவே.

1837இல் 'மேரி ஆன்' என்னும் கப்பலில் ஏறி, 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையில் இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதும் நிரம்பவில்லை. அதே கப்பலில் சி. பி. பிரௌன் வந்தார். தெலுங்கு உலகம் இன்றும் நன்றியோடு போற்றும் பிரௌன் அவர்தாம். மாதக்கணக்கில் நீண்ட அந்தப் பயணத்தில் அவரிடம் வடமொழி முதலியவற்றைப் பற்றிக் கேட்டறியும் வாய்ப்புக் கால்டுவெல்லுக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் தமிழையும் தெலுங்கையும் ஒரு தாய் மக்கள் என்று நிறுவப்போகிறவர், தமிழ் மண்ணை மிதிக்குமுன்பே ஒரு தெலுங்கறிஞரோடு பழகியதை எண்ணிப் பார்க்கும்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சென்னையில் மூன்றரை ஆண்டுகள். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கியிருந்த துரு ஐயர் அங்கே அவருக்குத் துணையாக அமைந்தார். 1841இல் இலண்டன் மிஷனரி சங்கத்தை விட்டு, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமைக்குப் போகப் பணிக்கப்பட்டார். பல்லக்கும் வண்டியும் இருந்தும் அவர் நடந்தே சென்றார். தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றிக்கொண்டு நாட்டையும் மக்களையும் பார்த்தவாறே நடந்தார். உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டு இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

இடையன்குடி

தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஊரின் அருமை தெரியும். செக்கச் சிவந்த மணல். காற்று அடித்தால் இன்று இருக்கும் மேடு நாளை இருக்காது. அந்த மணலில் நின்று பிழைப்பது பனை ஒன்றே. பனையை நம்பி வாழ்ந்தவர்களே அவ்வூரார். கால்டுவெல் அங்கே நிலம் வாங்கினார், தெருக்களை நேராக்கினார், கிணறு தோண்டினார், மரம் நட்டார், பள்ளி வைத்தார். 1844இல் எலைசா அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட்டு பாதிரியாரின் மகள். இந்த நாட்டிலேயே வளர்ந்தவர். தமிழ் பேச்சு வழக்கில் கணவரினும் தேர்ந்தவர். பெண் பிள்ளைகளுக்கு உண்டு உறையும் பள்ளி நடத்தியதும், பின்னல் வேலை கற்றுத் தந்து ஏழைப் பெண்கள் கையில் நாலு காசு புழங்கச் செய்ததும் அம்மையாரின் வேலை. கால்டுவெல்லைப் பற்றிய நம் கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. நானும் இங்கே நான்கு வரியோடு நிறுத்துகிறேன். தனிக் கட்டுரைக்குரிய வாழ்வு அது.

இடையன்குடிக் கோவிலுக்கு 1847இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது நிறைவேறி நேர்ந்தளிக்கப்பட்டது 1880இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! பணம் வரும்போது சுவர் எழும், வராதபோது நிற்கும். டப்ளினில் கற்ற ஓவியக் கல்வி வீண்போகவில்லை. கட்டட அமைப்பை வரைந்தவர் அவரே. உள்ளூர்க் கொத்தர்களுக்குப் புரியும்படி அவரே பக்கத்தில் நின்று விளக்கிக் கட்டுவித்தார். ஒரு வேலையை முப்பத்து மூன்று ஆண்டு கைவிடாத இந்தப் பொறுமையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

முதல் நூல்

'திராவிட அல்லது தென்னிந்திய மொழிக் குடும்பத்தின் ஒப்பிலக்கணம்' 1856இல் இலண்டனில் அச்சாயிற்று. உடல்நலம் குன்றி அவர் தாய்நாடு சென்றிருந்த காலம் அது.

அந்நூல் தோன்றுமுன் அறிஞர் உலகில் நிலவிய கருத்து யாது? கோல்புருக், கேரி, வில்கின்சு முதலிய வடமொழிப் புலமை மிக்க ஐரோப்பியர், தென்னாட்டு மொழிகளும் சமற்கிருதத்திலிருந்து கிளைத்தவை என்றே எண்ணினர். தெலுங்கிலும் மலையாளத்திலும் மண்டிக் கிடக்கும் வடசொற்களைக் கண்டவர்களுக்கு அவ்வாறு தோன்றியது இயல்பே. இக்கருத்தை முதலில் மறுத்தவர் கால்டுவெல் அல்லர். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிசு துரை. காம்பெல் என்பார் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு 1816இல் எல்லிசு ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை தம்முள் உறவுடையவை, வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று வேர்ச்சொற்களை அடுக்கி அதில் காட்டினார். 1819இல் அவர் இறந்துவிட்டதால் அந்த வேலை நின்றது. எல்லிசுக்குக் கால்டுவெல் தம் நூலில் இன்னும் சற்றுத் தாராளமாக நன்றி கூறியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆயினும் எல்லிசு போட்டது புள்ளி. கால்டுவெல் இட்டது கோலம். அவர் செய்த முறையை மாணவர் அறிந்துகொள்ளல் வேண்டும். கடன் வாங்கக்கூடிய சொற்களை அவர் சான்றாகக் கொள்ளவில்லை. சமயச் சொல், கலைச்சொல், அரசியற்சொல் ஆகியவை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவும். எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினை விகுதி, வேற்றுமை உருபு, தொடரமைப்பு ஆகியவை அவ்வளவு எளிதில் தாவா. எனவே அவற்றையே எடுத்துக்கொண்டார்.

மூன்று என்னும் எண்ணைப் பாருங்கள். தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு, துளுவில் மூஜி. பலுசிஸ்தானத்து மலைகளில் பேசப்படும் பிராகுவியில் முசிட். இரண்டு என்பது கன்னடத்தில் எரடு. அதே பிராகுவியில் இரட். வடமொழியின் 'த்ரி', 'த்வி' என்பவற்றுக்கும் இவற்றுக்கும் என்ன உறவு? ஆயிரம் கல் இடைவெளியில், ஒருவரை ஒருவர் கண்டிராத மக்கள் வாயில் ஒரே வேர் நிற்கிறது.

'நாம்' என்கிறோம், 'நாங்கள்' என்கிறோம். கேட்பவனையும் உளப்படுத்தினால் நாம், விலக்கினால் நாங்கள். இந்த வேறுபாடு வடமொழியில் இல்லை. 'நேற்று வந்த மனிதன்' என்று நாம் பெயரெச்சத்தால் சொல்வதை வடமொழி 'எவன் வந்தானோ அவன்' என்று வேறு வழியில் சொல்கிறது. 'செய்யேன்' என்று எதிர்மறையை வினைக்குள்ளேயே வைப்பது நம் மொழிகளின் வழக்கம். க, ச, ட, த, ப என்பவை சொல்லுக்கு முதலிலும் இரட்டித்தபோதும் வலிந்தும், இரண்டு உயிர்க்கு நடுவே மெலிந்தும் ஒலிக்கின்றன. 'பகல்' என்பதிலும் 'பக்கம்' என்பதிலும் உள்ள ககரங்களைச் சொல்லிப் பார்த்தால் விளங்கும். நாம் நாள்தோறும் செய்துகொண்டு, செய்வதையே அறியாதிருந்த இதை ஒரு விதியாக வகுத்துச் சொன்னவர் அயர்லாந்தில் பிறந்த ஒருவர்.

குமாரிலபட்டர் முதலிய வடநூலார் தென்மொழிகளைக் குறிக்க ஆண்ட 'திராவிட' என்னும் சொல்லை இக்குடும்பத்துக்கு அவர் பெயராக வைத்தார். அது நிலைத்துவிட்டது. மொழி நூலில் பிறந்த அச்சொல் பின்னர் அரசியலிலும் நாட்டுப் பாடலிலும் ஏறியது அனைவரும் அறிந்தது. அதை இங்கே விரிக்கவில்லை.

அவர் கூறியன யாவும் இன்று நிற்கின்றன என்று எண்ண வேண்டா. திராவிட மொழிகளைச் 'சித்திய' இனம் என்று அவர் அழைத்த நடு ஆசிய மொழிகளோடு உறவுபடுத்த அவர் பெரிதும் முயன்றார். அதை அறிஞர் பலர் ஒப்பவில்லை. தமிழ் இலக்கியத்தின் காலத்தைப் பல நூற்றாண்டு குறைத்தே மதிப்பிட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. கலித்தொகை 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் அச்சேறின. கால்டுவெல் 1891இல் இறந்தார். சங்க நூல்களைப் படிக்காமலே தமிழின் தனித்தன்மையை அவர் கண்டார் என்பதுதான் வியப்பு.

இப்போது நான் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். முதற்பதிப்பில் அவர் எண்ணிய திராவிட மொழிகள் ஒன்பது: தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, தோடா, கோத்தா, கோண்டு, கூ. 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை பன்னிரண்டு ஆயின. குடகு மொழியை முன்பு தனி மொழியாக எண்ணாதவர் இப்போது எண்ணினார். இராசமகால் மொழியையும் ஒராவோனையும் கணக்கில் சேர்த்தார். இடைப்பட்ட காலத்தில், 1872இல், பிரிகல் என்பவரின் துளு இலக்கணம் வெளிவந்திருந்தது. குண்டர்ட்டின் மலையாள அகராதியும் அதே ஆண்டில் வந்தது. கால்டுவெல் அவற்றையெல்லாம் படித்தார். குண்டர்ட்டின் கருத்துகளை இடந்தோறும் எடுத்துக் கூறினார். தம் பழைய கருத்தை மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றினார். பத்தொன்பது ஆண்டுக்குப் பின் தம் நூலைத் தாமே திருத்தி எழுதினார். எழுதியவர் கேட்டார்; கேட்டதை ஏற்றார். 1961இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டார்கள் என்றால், அவர்கள் நின்றது இந்த அடித்தளத்தின்மேல்தான்.

மற்றொரு நூல்

ஒப்பிலக்கணத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1849இல், கால்டுவெல் சென்னையில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். மறு ஆண்டே அது இலண்டனிலும் வெளிவந்தது. திருநெல்வேலியில் பனைத் தொழில் செய்து வாழ்ந்த சமுதாயத்தைப் பற்றியது அது. இன்று நாடார் எனப்படும் அச்சமுதாயத்தை அன்றைய அரசு ஆவணங்கள் வேறொரு பெயரால் வழங்கின. நூலின் தலைப்பும் அப்பெயரே. அம்மக்கள் நெடுங்காலம் போராடி, 1921இல் அரசு நாடார் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. ஆகவே பழைய தலைப்பை நான் இங்கே எழுதவில்லை.

அம்மக்களின் சமயம், ஒழுக்க நிலை, சாதி இயல்பு ஆகியவற்றைக் கூறி, அவர்களிடையே கிறித்தவம் பரவுவதற்கு உள்ள வாய்ப்பும் தடையும் எவை என்று காட்டுவது நூலின் நோக்கம். அதாவது, படிக்க வேண்டியவர் இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பும் அன்பர்கள். அதில் நல்ல பகுதிகளும் உள்ளன. பனையைப் பற்றியும், ஏறுபவனின் உழைப்பைப் பற்றியும், சாமியாடுபவர் ஆடும் ஆட்டத்தைப் பற்றியும் அவர் எழுதியவை கண்ணால் கண்டு எழுதியவை. ஆனால் அம்மக்களின் அறிவு மந்தமானது என்று எழுதினார். அவர்களுடைய சிறு தெய்வ வழிபாடு முழுவதையும் பேய் வழிபாடு என்று ஒரே சொல்லில் அடக்கினார். அவர்கள் ஈழத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றார். சமூகப் படிவரிசையில் இன்னாருக்கு மேல், இன்னாருக்குக் கீழ் என்று ஓர் இடமும் குறித்துக் கொடுத்தார்.

இதை எழுதியபோது அவர் இடையன்குடிக்கு வந்து எட்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

நூலைப் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இது வேறொரு மனிதர் எழுதியதன்று. இரண்டு நூலையும் எழுதியவர் ஒருவரே. அவருடைய வினாவும் ஒன்றே. தமிழ் வடமொழியிலிருந்து வரவில்லை என்று ஒப்பிலக்கணத்தில் சொன்னவர், இம்மக்களின் வழிபாடு வைதிகத்திலிருந்து வரவில்லை, அதற்கு முற்பட்டது என்று சிறு நூலில் சொன்னார். ஒப்பிலக்கணத்தின் பிற்சேர்க்கையில் பழந்திராவிடர் சமயத்தைப் பற்றி எழுதும்போது இடையன்குடியில் கண்டவற்றையே சான்றாக வைத்தார். ஒரு நூலை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தூக்கி எறிவது எளிதன்று. ஒரே வேரில் முளைத்தவை அவை.

(இங்கே ஓர் இடைக்குறிப்பு. நம் நூலகங்களில் உள்ள ஒப்பிலக்கணம் பெரும்பாலும் 1913ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பும் அதன் மறு அச்சுகளுமே. கால்டுவெல் இறந்தபின் அவருடைய மருமகன் ஒயாட்டும் இராமகிருஷ்ண பிள்ளையும் பதிப்பித்தது அது. பழந்திராவிடர் சமயம், சாதி ஆகியவை பற்றிய சில பகுதிகள் அதில் விடப்பட்டுள்ளன. ஆய்வு செய்யும் மாணவர் 1875ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்த்தல் வேண்டும்.)

எழுதப்பட்டவர்கள் படித்தபோது

1849இல் அச்சிட்டபோது கால்டுவெல் ஒன்றை எதிர்பார்த்திருக்க மாட்டார். தாம் எழுதியதை அம்மக்களே படிப்பார்கள் என்பது அது. ஆனால் படிக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் அவரும் அவரைப் போன்றவர்களுமே!

அருமைநாயகம் என்பவர் சாயர்புரத்தில் மிஷன் கல்வி பெற்றவர். சட்டம்பிள்ளை என்று வழங்கப்பட்டார். உபதேசியாராக இருந்து, நாசரேத்தில் தமக்கு மேல் இருந்த பாதிரியாரோடு ஏற்பட்ட பிணக்கால் வேலை இழந்தார். பின்னர் சென்னைக்குச் சென்றபோது இச்சிறு நூல் அவர் கையில் கிடைத்தது. ஊருக்குக் கொண்டுவந்து அதில் உள்ளதைத் தம் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1857இல் நாசரேத்துப் பகுதியில் பலர் மிஷனை விட்டு அவரோடு வெளியேறினர். வேறு பிணக்குகளும் இருந்தன. ஆயினும் இந்நூல் ஊட்டிய புண்ணும் அதில் ஒன்று. அவர்கள் கிறித்துவை விடவில்லை. வெள்ளைக்காரப் பாதிரிமாரை விட்டார்கள். பிரகாசபுரத்தில் தனிச் சபை அமைத்தார்கள். ஏகரட்சகர் சபை என்பது அதன் பெயர். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம் உண்டு, தரையில் அமர்ந்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வழிபட்டார்கள். ஐரோப்பிய வழக்கு எதுவும் எங்களுக்கு வேண்டா, வேதம் எங்கள் கையிலேயே இருக்கிறது என்பது அதன் பொருள். என் மாணவியின் தாத்தா சொன்ன செய்தி இதுவே.

1880ஆம் ஆண்டுகளில் எதிர்ப்பு எழுத்து வடிவு பெற்றது. சாமுவேல் சர்க்குணர் போன்ற கற்றவர்கள் தம் குல வரலாற்றைத் தாமே எழுதினார்கள். கால்டுவெல்லின் பெயரைச் சொல்லியே மறுப்பும் எழுதினார்கள். விண்ணப்பங்கள் பல சென்றன. அவர்கள் எழுதிய வரலாற்றில் மிகை இல்லாமல் இல்லை. அரச குலத்தவர் நாங்கள் என்று நிறுவுவதற்காகச் சொற்களை வளைத்துப் பொருள் கண்ட இடங்கள் உண்டு. பிறர் எழுதிய இழிவுக்கு மறுமொழி சொல்பவன் தராசு பிடித்தா சொல்வான்? இறுதியில் கால்டுவெல் அச்சிறு நூலைப் புழக்கத்திலிருந்து மீட்டுக்கொண்டார்.

அப்போது அவர் பேராயர். 1877 மார்ச்சு 11ஆம் நாள் கல்கத்தாவில் அவருக்கும் சார்ஜெண்டு ஐயருக்கும் ஒரே நாளில் அப்பட்டம் தரப்பட்டது. அவ்வாண்டுப் பஞ்சத்தில் அவர் ஆற்றிய தொண்டையும், கொற்கையிலும் காயலிலும் நிலத்தைத் தோண்டிப் பழமை தேடியதையும், 1881இல் அரசு அச்சகம் வெளியிட்ட அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தையும் பெயர் சொல்லி நிறுத்துகிறேன். 1883இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891 தொடக்கத்தில் ஓய்வு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு 28இல் கோடைக்கானலில் காலமானார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, முப்பத்து மூன்று ஆண்டு நின்று கட்டிய கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். யாரை மந்த அறிவினர் என்று எழுதினாரோ அவர்களுடைய ஊர் அது. எலைசா அம்மையாரும் அங்கேயே உறங்குகிறார்.

விடை

அடுத்த வாரம் அல்ல, அடுத்த பருவத்தில்தான் அந்த மாணவிக்கு விடை சொல்ல முடிந்தது. என் விடை இது. ஒப்பிலக்கணத்தில் அவர் செய்த பிழைகளைத் திருத்த வழி இருந்தது. ஒரு சொல்லைத் தவறாகப் பொருத்தினால் அடுத்த மொழி எழுந்து நின்று மறுக்கும், குண்டர்ட்டு மறுப்பார், பிரிகலின் இலக்கணம் மறுக்கும். அவர் கேட்டுத் திருத்தினார். சிறு நூலை எழுதியபோது மறுக்கக்கூடியவர்களை அவர் ஒரு பக்கம் வைத்துவிட்டார். ஞாயிறுதோறும் எதிரே அமர்ந்திருந்தவர்களிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. ஒப்பிலக்கணத்தைத் திருத்தப் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தவர், இதைத் திருத்த ஒரு நாளும் உட்காரவில்லை. முப்பது ஆண்டு கழித்து, எதிர்ப்பு வந்தபின், மீட்டுக்கொண்டதோடு சரி. மீட்பது வேறு, திருத்துவது வேறு. சிலை முதல் நூலுக்கு வைத்தது. அது இருக்கட்டும். ஆனால் வகுப்பில் இரண்டு நூலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டும் நான் சொல்லாதது என் குறை.

மாணவி முகத்தில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை. "சரி ஐயா" என்று அமர்ந்துகொண்டார்.

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தரும் நேரம் வந்தபோது, பனைத் தொழிற் சொற்களைத் தொகுக்கப்போவதாக அவரே வந்து சொன்னார். முருக்குத்தடி, தளைநார், கடிப்பு, கலயம், பாளை அரிவாள், அரிவாள் பெட்டி என்று தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைப் பொருளோடு எழுதிக் கொண்டுவந்தார். நன்றாக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

"இப்போது வேண்டாம் ஐயா. தாத்தாவிடம் இன்னும் படித்துக் காட்டவில்லை" என்றார்.

பொங்கல் விடுமுறை கழித்துத் திரும்பி வந்தார். பட்டியலில் பதினோரு இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தது. கடிப்பு என்பதற்கு எதிரே, 'பாளையை நசுக்கும் மரக்கருவி' என்று ஒரே வரியில் முன்பு எழுதியிருந்தார். அது அடிக்கப்பட்டிருந்தது. பாட்டனார் சொன்னதை அவர் சொன்னபடியே ஓரத்தில் குறித்திருந்தார்: "கடிப்புன்னு ஒண்ணா எழுதிட்டா எப்படி? ஆண்பனைக்கு வேற, பெண்பனைக்கு வேற. ரெண்டையும் எழுது."